தலையை எண்ணியோரும் சிறகை எண்ணியோரும்: பருந்து மலைக் கணக்கேடுகள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

வரலாற்று மாணவர் கையாளும் மூலங்கள் பல வகையின. கல்வெட்டும் செப்பேடும் நாணயமும் இலக்கியமும் நமக்குப் பழக்கமானவை. வரிப்பதிவேடு, தோம்பு, குடிசன மதிப்பு அறிக்கை என்பன பிற்கால வரலாற்றுக்கு இன்றியமையாதனவாகக் கொள்ளப்படுகின்றன. இவற்றுட் பல எழுதப்பட்ட நோக்கம் ஒன்றாகவும், இன்று நமக்குப் பயன்படும் வகை வேறொன்றாகவும் இருப்பதைக் காண்கிறோம். நிலவுரிமையையும் வரியையும் சேவைக் கடமையையும் வரையறுப்பதற்காக ஒல்லாந்தர் எழுதுவித்த தோம்புகளிலிருந்து அக்காலச் சமூக அமைப்பை இன்று ஆராய்கிறோம். தோம்பெழுதிய கணக்கப்பிள்ளை அத்தகைய ஆராய்ச்சியை மனத்திற் கொண்டிருந்தான் எனக் கூறமுடியாது.

இத்தகைய மூலங்களின் வரிசையில், வானத்திற் பறந்து சென்ற பறவைகளை எண்ணி எழுதிய ஓர் ஏட்டையும் சேர்க்கலாமா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா. ஐக்கிய அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்திலே, பருந்து மலை என வழங்கும் ஒரு குன்றின் உச்சியில் 1934ஆம் ஆண்டு முதல் இலையுதிர் காலந்தோறும் எழுதப்பட்டுவரும் கணக்கேடே இங்கு நாம் எடுத்துக்கொண்ட பொருள். இடம்பெயரும் பருந்து, கழுகு, வல்லூறு முதலிய இரைகொல்லிப் பறவைகளைப் பற்றிய கணக்குகளுள் உலகிலேயே மிக நீண்டகாலத்துக்குரியது இதுவே எனக் கொள்ளப்படுகின்றது.

மலையும் வழியும்

வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் அப்பலாச்சியன் மலைகள் வடகிழக்கிலிருந்து தென்மேற்காக நீண்டு கிடக்கின்றன. அவற்றின் கிழக்கோரத்து நீள்குன்றுகளுள் ஒன்று கிற்றற்றினி எனப்படுவது. பருந்து மலை இக்குன்றின் ஒரு பகுதியாகும். அதன் வடக்கு நோக்கிடம் கடல் மட்டத்திலிருந்து 1,521 அடி உயரமுடையது. மலைநாட்டைக் கண்ட நமக்கு இவ்வுயரம் பெரிதாகத் தோன்றாது. எனினும் இக்குன்றின் சிறப்பு உயரத்தில் அன்றி அதன் அமைப்பிலேயே தங்கியுள்ளது.

குளிர்காலம் நெருங்கும்போது கனடாவிலும் வடகிழக்கு மாநிலங்களிலும் இனம்பெருக்கிய இரைகொல்லிப் பறவைகள் தெற்கு நோக்கிப் புறப்படுகின்றன. குளிர்வாயு முகப்பொன்று கடந்து சென்றபின் வடமேற்கிலிருந்து வீசும் காற்று இந்நீள்குன்றுகளில் மோதி மேலெழுகின்றது. மேலெழும் காற்றின்மீது சிறகை விரித்தபடி, அதிகம் அடிக்காமலே, பறவைகள் நெடுந்தூரம் வழுக்கிச் செல்கின்றன. உடலிற் சேமித்த கொழுப்பைச் சிக்கனமாகச் செலவிடவேண்டிய நெடும் பயணத்தில் இது பேருதவியாகும். ஆகவே பரந்த நிலப்பரப்பெங்கும் சிதறி வாழ்ந்த பறவைகள் அந்தச் சில வாரங்களில் ஒரு குன்றின் வழியே ஒழுங்காகச் செல்லக் காண்கிறோம். செப்டெம்பர் நடுப்பகுதியில் அகன்ற சிறகுப் பருந்துகள் தென்னமெரிக்காவை நோக்கிக் கூட்டங் கூட்டமாகச் செல்லும். பொன்னிறக் கழுகுகள் பெரும்பாலும் ஒக்டோபர் பிற்பகுதியிலும் நவம்பரிலும் வரும்.

மறைந்து வாழும் பறவையை மனிதன் கண்ணெதிரே கொண்டுவந்து நிறுத்துவது இவ்வமைப்பு. எண்ண விரும்புபவனுக்கு வசதியான இவ்விடம் சுட விரும்புபவனுக்கும் அதேயளவு வசதியாக அமைந்தது. காலத்தால் முந்தி வந்தவன் சுடுபவனே.

தலைக்கு விலை

பென்சில்வேனியாவில் பருந்துகள் முதன்முதலில் எண்ணப்பட்டது அரசாங்கத்தின் பணக்கணக்கிலேயே எனலாம். கோழிகளையும் வேட்டைப் பறவைகளையும் அழிப்பன என்ற குற்றச்சாட்டின் பேரில், பருந்து, ஆந்தை முதலியவற்றைக் கொல்வோருக்குத் தலைக்கு 50 சதம் வெகுமதி வழங்கும் சட்டம் 1885ஆம் ஆண்டு அம்மாநிலத்தில் இயற்றப்பட்டது. ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுக் காலத்தில் இவ்வகையிற் செலவான தொகை சுமார் 90,000 டொலர் என மதிப்பிடப்பட்டது. கொல்லப்பட்ட பறவைகளாற் காப்பாற்றப்பட்ட கோழிகளின் பெறுமதி இத்தொகையின் மிகச் சிறிய பங்கே என்பதும், எலிகளை உண்ணும் பறவைகள் ஒழிந்தமையால் உழவருக்கு நேர்ந்த நட்டம் மிகப் பெரிது என்பதும் விவசாயத் திணைக்களத்தின் பறவையியலாளர் ஹார்ட் மெரியம் அவர்களால் எடுத்துக்காட்டப்பட்டன. 1887இல் அச்சட்டம் நீக்கப்பட்டது. 1893இல் அதே திணைக்களத்தைச் சேர்ந்த ஏ. கே. பிஷர் ஆயிரக்கணக்கான பருந்துகளினதும் ஆந்தைகளினதும் இரைப்பைகளை ஆராய்ந்து, அவற்றின் பெரும்பாலான இனங்கள் உழவனுக்கு நன்மை பயப்பன என முடிவுகட்டினார்.

அறிவியல் கூறிய இம்முடிவு மக்கள் மனத்தை மாற்றவில்லை. வேட்டைக்காரரின் செல்வாக்கு மிகுந்திருந்த மாநிலத்தில், 1929ஆம் ஆண்டு கோசாக் எனப்படும் பெரும் வேட்டைப் பருந்தின் தலைக்கு 5 டொலர் வெகுமதி அறிவிக்கப்பட்டது. உலகப் பொருளாதார மந்தம் தொடங்கிய ஆண்டும் அதுவே என்பது நோக்கற்பாலது. நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைந்த அப்பிரதேசத்தில் வேலையற்றோர் தொகை பெருகிய காலத்தில் 5 டொலர் அற்பத் தொகை அன்று. வார இறுதி நாட்களில் வேட்டைக்காரர் துப்பாக்கிகளுடன் மலையுச்சியில் நிரை நிரையாகக் கூடினர். அவர்களுட் பலருக்கு ஓரினத்தை மற்றோரினத்திலிருந்து பிரித்தறியத் தெரியாது. வெகுமதிக்குரிய இனம் அவ்வழியே மிகச் சிறிய தொகையினதாகவே வந்தது. சுட்டு வீழ்த்தப்பட்டனவோ எல்லா இனங்களும் ஆகும். பணத்துக்காக வந்தோரினும் பொழுதுபோக்குக்காக வந்தோர் குறைந்தவர் அல்லர்.

காவலும் கணக்கும்

1932ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் றிச்சேட் போ என்னும் இளைஞர் இம்மலைக்குச் சென்றார். மரங்களினிடையே கிடந்த பறவைகளின் உடல்களைப் பொறுக்கியெடுத்து, நிரையாக அடுக்கிப் புகைப்படம் பிடித்தார். இறந்த பறவைகளை அவர் எண்ணியது வெகுமதிக்காகவன்று. நடந்ததற்குச் சான்று தேடுவதே அவர் நோக்கம். அப்படங்களைக் கண்டோர் வருந்தினர். ஆயினும் வருத்தம் செயலாகாமலே ஓராண்டுக்கு மேல் கழிந்தது.

செயலாற்ற முன்வந்தவர் நியூயோர்க் நகரத்துச் செல்வக் குடும்பப் பெண்மணியான றொசலி எட்ஜ் அம்மையார் (1877 - 1962) ஆவார். பெண்களின் வாக்குரிமைக்கான இயக்கத்திற் பங்குபற்றி, துண்டுப் பிரசுரம் எழுதுவதிலும் கூட்டங்களில் எதிர்த்து நின்று வாதிடுவதிலும் பயிற்சி பெற்றவர். பறவைப் பாதுகாப்பை நோக்கமாகக் கொண்ட பெரிய சங்கங்கள் வேட்டைக்காரரின் நலன்களுக்கு இடங்கொடுக்கின்றன எனக் குற்றஞ்சாட்டி, 1929இல் அவசரகாலப் பாதுகாப்புக் குழு என்ற அமைப்பை நிறுவியவர். ஓர் இனம் அருகிப்போன பின்னர் அதனைக் காக்க முனைவதிலும், அது மலிந்திருக்கும் காலத்திலேயே காக்க முனைவதே அறிவுடைமை என்பது அவர் கொள்கை. உழவனுக்கு உதவும் பருந்தை மட்டும் காத்து ஏனையவற்றைக் கைவிடும் நிலைப்பாட்டையும் அவர் ஏற்கவில்லை.

சட்டம் மாறும்வரை அவர் காத்திருக்கவில்லை. 1934இல் ஏறத்தாழ 1,400 ஏக்கர் பரப்புடைய மலைநிலத்தைக் குத்தகைக்கு எடுத்தார். சுடுவதற்கு அனுமதி இருந்தபோதிலும், பிறர் நிலத்தில் அத்துமீறி நுழைய எவருக்கும் அனுமதியில்லை அல்லவா? சொத்துரிமைச் சட்டத்தைக் கொண்டே பறவையைக் காத்த இவ்வுபாயம் குறிப்பிடத்தக்கது. அவ்வாண்டு செப்டெம்பரில், மோரிஸ் பிறவுண் என்னும் இளம் பறவையியலாளரும் அவர் மனைவி இர்மாவும் காவலர்களாக அங்கு வந்து சேர்ந்தனர். கணவர் மலையுச்சியில் நின்றார். மனைவி வீதியோரத்து வாயிலில் நின்று, துப்பாக்கியுடன் வந்தோரைத் திருப்பி அனுப்பினார். பிறவுணின் பெயர் நூல்களில் நிலைத்துவிட்டது. வாயிலில் நின்ற இர்மாவின் பங்கு அதற்கு எவ்வகையிலும் குறைந்ததன்று. 1938இல் அந்நிலம் பருந்து மலைச் சரணாலயச் சங்கத்துக்கு நிரந்தர உடைமையாயிற்று.

சுடுவோர் அகன்ற உச்சியிலிருந்து பிறவுண் பறவைகளை எண்ணத் தொடங்கினார். நாள், நேரம், காற்றின் திசை, வானிலை, இனம், தொகை என்பவற்றை நாள்தோறும் குறித்துவந்தார். இத்தனை பறவைகள் இவ்வழியே செல்கின்றன, இவற்றைக் காப்பது வீண்செயலன்று என மக்களுக்கும் நன்கொடையாளருக்கும் எடுத்துக்காட்ட அக்கணக்கு உதவிற்று. அக்குறிப்புகளில் இரண்டு அமிசங்கள் வரலாற்று நோக்கில் முக்கியமானவை. பறவையொன்றும் வராத நாளும் வெறுமையாகவே பதியப்பட்டது என்பது ஒன்று. இயன்றவிடத்துப் பறவையின் பருவமும் குறிக்கப்பட்டது என்பது மற்றொன்று. வெண்டலைக் கழுகின் தலையும் வாலும் வெண்மையாவதற்கு நான்கைந்து ஆண்டுகள் செல்லும். அதுவரை அது கருங்கபில நிறத்தது. எனவே முதிர்ந்த கழுகையும் இளங் கழுகையும் தூரத்திலிருந்தே பிரித்தறிதல் இயலும்.

இரண்டாம் உலக யுத்தத்தின்போது பிறவுண் கடற்படைச் சேவைக்குச் சென்றமையால் 1943 முதல் 1945 வரை கணக்கு தடைப்பட்டது. 1946இல் மீண்டும் தொடர்ந்தது. இந்த இடைவெளியின் இரு பக்கங்களிலும் அமைந்த உலகங்கள் வேறுபட்டவை என்பதை அப்போது எவரும் அறிந்திலர்.

ஏடு சாட்சியாகிய கதை

டி.டி.ரி. என்னும் பொருளின் பூச்சிகொல்லும் ஆற்றலை 1939இல் சுவிற்சலாந்தைச் சேர்ந்த போல் மியூலர் கண்டறிந்தார். யுத்தகாலத்தில் படைவீரரைத் தொற்றுநோய்களிலிருந்து காத்த அம்மருந்து 1945இல் அமெரிக்கப் பொதுமக்களுக்கும் விற்பனைக்கு வந்தது. அடுத்துவந்த ஆண்டுகளில் வயலிலும் காட்டிலும் சதுப்பு நிலத்திலும் அது பெருந்தொகையாகத் தெளிக்கப்பட்டது. அதன் தீங்கு உடனே கண்ணுக்குப் புலப்படும் வகையினதன்று. பூச்சியிலிருந்து மீனுக்கும், மீனிலிருந்து கழுகுக்கும் படிப்படியாகச் செறிவடைந்து சென்ற நஞ்சு, முதிர்ந்த பறவையை உடனே கொல்லாமல் அதன் முட்டை ஓட்டை மெலியச் செய்தது. அடைகாக்க அமர்ந்த தாயின் பாரத்தால் முட்டை உடைந்தது. வானத்தில் முதிர்ந்த கழுகுகள் தொடர்ந்து பறந்தமையால் குறை எதுவும் இருப்பதாகத் தோன்றவில்லை.

இந்நிலையிலேதான் பருந்து மலை ஏடுகள் சாட்சி சொல்ல அழைக்கப்பட்டன. 1945ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் இம்மலைக்கு வந்து பருந்துகளைக் கண்டு சென்றவர் உயிரியலாளர் றேச்சல் காசன். டி.டி.ரி. பற்றிய ஆய்வுகளைக் குறித்து அவ்வாண்டிலேயே அவர் ஒரு சஞ்சிகைக்குக் கட்டுரை எழுத முன்வந்து மறுக்கப்பட்டார். பல ஆண்டுகளின் பின், 1962இல் வெளிவந்த 'மௌன வசந்தம்' என்னும் நூலில், பிறவுணின் எண்களை அவர் எடுத்தாண்டார். 1935 முதல் 1939 வரையான ஆண்டுகளில் மலையைக் கடந்த வெண்டலைக் கழுகுகளுள் 40 வீதமானவை இளம் பறவைகள். 1955 முதல் 1959 வரையான ஆண்டுகளில் அவை 20 வீதமாகக் குறைந்தன. 1957இல் 32 முதிர்ந்த கழுகுகளுக்கு ஓர் இளங் கழுகே காணப்பட்டது. முதியோர் மட்டும் எஞ்சிய ஊரின் குடிசன மதிப்பைப் படிப்பது போன்றது இது.

ஒரு மூலத்தை மட்டும் நம்பி முடிவுகட்டலாகாது என்பது வரலாற்று முறையியலின் பாலபாடம். காசனும் அவ்வாறு செய்யவில்லை. இளைப்பாறிய வங்கி அலுவலரான சாள்ஸ் புறோலி, 1939 முதல் புளோரிடாக் கரையோரத்தில் கழுகுக் கூடுகளுக்கு ஏறிக் குஞ்சுகளின் காலில் வளையமிட்டு வந்தார். தொடக்கத்தில் ஆண்டொன்றுக்குச் சுமார் 150 குஞ்சுகளுக்கு வளையமிட்ட அவர், 1947இன் பின் கூடுகள் பல வெறுமையாகக் கிடப்பதைக் கண்டார். 1958இல் 100 மைலுக்கு மேல் அலைந்த பின்னரே ஒரு குஞ்சைக் கண்டார். புளோரிடாவிற் பிறந்த இளங் கழுகுகள் வடக்கே சென்று திரும்புகின்றன என்பதும் அவர் இட்ட வளையங்களாலேயே தெரியவந்தது. எனவே தெற்கே கூட்டில் எடுத்த கணக்கும் வடக்கே மலையில் எடுத்த கணக்கும், ஒன்றையொன்று அறியாமல் எழுதப்பட்டு, ஒரே செய்தியைக் கூறின. மூன்றாவது சாட்சி பிரித்தானியாவிலிருந்து வந்தது. 1967இல் டெறிக் றட்கிளிவ், சேகரிப்பாளர்கள் பேழைகளில் வைத்திருந்த பழைய வல்லூற்று முட்டைகளை நிறுத்துப் பார்த்து, 1940களின் பிற்பகுதியிலிருந்து ஓடு திடீரென மெலிந்தமையை எடுத்துக்காட்டினார். முட்டை சேகரித்தோரும் தாம் எதற்குச் சான்று சேர்க்கிறோம் என்பதை அறியாதவர்களே.

1963இல் அலாஸ்காவைத் தவிர்ந்த அமெரிக்க மாநிலங்களில் அறியப்பட்ட வெண்டலைக் கழுகு இணைகள் 417 மட்டுமே. 1972இல் அந்நாட்டில் டி.டி.ரி.யின் பொதுவான பயன்பாடு தடைசெய்யப்பட்டது. அதே ஆண்டு மெக்சிக்கோவுடனான ஒப்பந்தம் விரிவாக்கப்பட்டு, இரைகொல்லிப் பறவைகள் யாவும் கூட்டாட்சிச் சட்டத்தின் பாதுகாப்பைப் பெற்றன. 2007இல், 9,700க்கு மேற்பட்ட இணைகள் இருந்த நிலையில், வெண்டலைக் கழுகு ஆபத்துக்குள்ளான இனங்களின் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது.

மூலத்தை ஆராய்தல்

இக்கணக்கேடுகள் குறையற்றவை எனக் கூறுவது நமது நோக்கமன்று. மலையைக் கடக்கும் பறவைகள் யாவும் கண்ணிற் படுவதில்லை. 1930களில் ஒருவர் தனித்து நின்று எண்ணினார். பிற்காலத்தில் பல கண்களும் சிறந்த தொலைநோக்கிகளும் சேர்ந்தன. ஓராண்டு காற்று மாறினால் பறவைகள் வேறு குன்று வழியே செல்லக்கூடும். குளிர் குறைந்த ஆண்டுகளில் சில இனங்கள் வடக்கிலேயே தங்கிவிடுகின்றன. அப்போது மலையில் எண்ணிக்கை குறைந்தது என்பதால் இனம் குறைந்தது எனக் கொள்ளுதல் தவறாகும்.

காசன் மொத்தத் தொகையைச் சான்றாகக் கொள்ளாமல் இளமைக்கும் முதுமைக்கும் இடையிலான விகிதத்தைக் கொண்டமை இக்காரணத்தாலேயே சிறப்புப் பெறுகின்றது. எண்ணுபவரின் கண்கூர்மை கூடினும் குறையினும் அது முதிர்ந்ததையும் இளையதையும் பெரும்பாலும் ஒருங்கே பாதிக்கும். ஆகவே விகிதம் தொகையிலும் நம்பத்தக்கது. குடிசன மதிப்புகளையும் வரிப்பதிவேடுகளையும் கையாளும் நமக்கும் இம்முறை பயனுடையது.

இதனிலும் முக்கியமானது தொடக்க ஆண்டுகளின் பெறுமதி. 1934 முதல் 1942 வரையான ஏடுகள் இல்லையெனில், 1957இன் விகிதம் இயல்பானதா இயல்பற்றதா எனக் கூற எவராலும் இயன்றிருக்காது. நஞ்சு வருமுன் எழுதப்பட்டமையே அவ்வேடுகளின் வலிமை. ஆபத்து வந்த பின் தொடங்கும் கணக்கு, இழந்தது எவ்வளவு என்பதைச் சொல்லாது.

நம் நாட்டுடன் ஓர் ஒப்புநோக்கு

எட்ஜ் அம்மையார் மலையைக் குத்தகைக்கு எடுத்த அதே 1934ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கையில் மலேரியாக் கொள்ளைநோய் பரவிற்று. 1935இலும் தொடர்ந்த அந்நோயால் ஏறத்தாழ 80,000 மக்கள் மாண்டனர். யுத்தத்தின் பின் டி.டி.ரி. தெளிக்கப்பட்டபோது நோய் விரைந்து பின்வாங்கிற்று. ஆயிரத்துக்கு 20.3 ஆக இருந்த இறப்பு வீதம் 1946க்கும் 1947க்கும் இடையில் 14.3 ஆகக் குறைந்தது. இவ்வீழ்ச்சியில் மருந்தின் பங்கு எவ்வளவு, உணவினதும் மருத்துவ வசதியினதும் பங்கு எவ்வளவு என்பது அறிஞரிடையே விவாதத்துக்குரியது. எனினும் டி.டி.ரி. நம் மக்கள் பலரின் உயிரைக் காத்தது என்பதை மறுக்கவியலாது. கழுகின் முட்டையைச் சிதைத்த மருந்தே வன்னியிற் குழந்தையைக் காத்தது. இவ்விரண்டில் ஒன்றைச் சொல்லி மற்றதை மறைப்பது வரலாறாகாது.

1963இல் இலங்கையிற் பதிவான மலேரியா நோயாளர் 17 பேர் மட்டுமே. நோய் ஒழிந்ததென எண்ணி 1964இல் தெளிப்பு நிறுத்தப்பட்டது. கண்காணிப்பும் தளர்ந்தது. 1969இல் நோயாளர் தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. காசனின் நூலும் அமெரிக்கத் தடையுமே மலேரியாவை மீளக் கொணர்ந்தன எனச் சிலர் கூறுவர். ஆண்டுகளை நிரற்படுத்தி நோக்கின் இக்கூற்று நிலைபெறாது. தெளிப்பு நின்றது தடைக்கு எட்டு ஆண்டுகள் முன்னர். நின்றதற்குக் காரணம் வெற்றி கண்டுவிட்டோம் என்ற எண்ணம். அன்றியும் அமெரிக்கத் தடை பொதுச் சுகாதாரத் தேவைக்கு விலக்களித்திருந்தது. நுளம்புகள் டி.டி.ரி.யை எதிர்க்கும் தன்மை பெற்றமையால் 1977இல் இலங்கை மலதியொன் என்னும் மருந்துக்கு மாறியது. பின்னர் ஒவ்வொரு நோயாளரையும் தேடிப் பதியும் முறை வலுப்பெற்றது. 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடெனச் சான்றளித்தது. எண்ணுவதைத் தளர்த்தியபோது நோய் மீண்டது, விடாது எண்ணியபோது அது ஒழிந்தது என்பது இதனாற் பெறப்படும்.

முடிவுரை

இன்று இலையுதிர் காலப் பருந்துக் கணக்கு பல நாடுகளுக்குப் பரவியுள்ளது. மெக்சிக்கோவின் வேராகுரூஸ் பகுதியில் ஒரே பருவத்தில் 40 இலட்சத்துக்கு மேற்பட்ட இரைகொல்லிப் பறவைகள் எண்ணப்பட்டுள்ளன. கருங்கடற் கரையில் ஜோர்ஜியாவின் பற்றுமி நகரருகே 2008 முதல் கணக்கெடுக்கப்படுகின்றது. அங்கு எண்ணுவோரும் சுடுவோரும் ஒரே குன்றுகளில் நிற்பதுண்டு. பருந்து மலையிற் கழுகு மீண்டுவிட்டது. ஆனால் அமெரிக்கச் சிறு வல்லூற்றின் தொகை குறைந்து வருவதை அதே ஏடுகள் காட்டுகின்றன. அதற்குரிய காரணம் இன்னும் ஆராயப்பட்டு வருகின்றது.

ஒரு நூற்றாண்டுக்குள் ஒரே மாநிலத்தில் பருந்து இருவகையாக எண்ணப்பட்டது. வெகுமதி ஏடு இறந்த தலையை எண்ணியது. பணம் கொடுபட்டதும் அக்கணக்கு முடிந்தது. அதிலிருந்து அரசாங்கம் அறிந்துகொண்டது தன் செலவை மட்டுமே. காவலரின் ஏடு பறந்து சென்ற சிறகை எண்ணியது. அடுத்த ஆண்டும் அது திரும்புமா எனப் பார்க்கும் நோக்குடன் எழுதப்பட்டமையால் அக்கணக்குக்கு முடிவில்லை. அந்தத் தொடர்ச்சியே பிற்காலத்தவர் கைக்குச் சான்றாகக் கிடைத்தது. நம் நாட்டிலும் ஊர்ப் பாடசாலையின் இடாப்பு, மழைமானிக் குறிப்பு, மீன்பிடிச் சங்கத்தின் நாட்கணக்கு என எத்தனையோ ஏடுகள் கறையானுக்கு இரையாகின்றன. அவற்றை எழுதியோர் தம் கடமையைச் செய்துவிட்டனர். அவை எவ்வினாவுக்கு விடையாகும் என்பதை இன்று நாமும் அறியோம். ஆயினும் அவற்றைத் தேடிக் காப்பது வரலாறு பயில்வோராகிய நம் கடமையாகும்.